சுவர் தின்ற அரிசி

யாவ் சூவென் அக்காவும் நானும் பத்தொன்பது ஆண்டுகள் ஒரே அறையில் வேலை பார்த்தோம். நான் பழைய மண்டபங்களை அளந்து படம் வரைகிறவள், பெயர் செங். அவர் அந்த மண்டபங்களின் சாயத்தையும் காரையையும் சோதிக்கிறவர். ஒரு கட்டடத்தைப் பழுதுபார்ப்பதற்கு முன்னால் அதில் என்ன பூசியிருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். அவர் உத்தரத்திலிருந்து கடுகளவு சாயத்தைக் கத்தி முனையால் எடுப்பார். அதைப் பிசினில் பதித்து, குறுக்கே தேய்த்து, நுண்ணோக்கிக்கு அடியில் வைப்பார். அடியில் சாதிலிங்கச் சிவப்பு, அதன்மேல் விளக்குப்புகை, அதற்கும் மேலே கைச்செலவுக்கு வழியில்லாத ஏதோ ஒரு தலைமுறை பூசிய மலிவான காவி என்று அடுக்கடுக்காகத் தெரியும். எந்த அடுக்கு எந்தக் காலத்தது என்று அவர் சொல்லிவிட்டால் மாகாணத்திலிருந்து வரும் நிபுணர்கள்கூட மறுபேச்சு பேசமாட்டார்கள்.

ஒல்லியான உடம்பு. பேச்சு குறைவு. மதியச் சாப்பாட்டில் அரைக் கிண்ணம் சோறுதான் எடுப்பார்; அதையும் கிண்ணத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, யாரும் பார்க்காதபடி அவசர அவசரமாகத் தின்பார். டிராகன் படகுத் திருவிழாவுக்கு அலுவலகத்தில் எல்லாருக்கும் மூங்கில் இலையில் கட்டிய பசையரிசிக் கொழுக்கட்டை தருவார்கள். அவருடைய பங்கு நேராக என் மேசைக்கு வந்துவிடும். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். கேட்டதில்லை.

2008ஆம் ஆண்டு வசந்தத்தில் ஷிகெங் கிராமத்தில் முன்னோர்களை வணங்கும் யாவ் குல மண்டபத்தைப் பழுதுபார்க்க உத்தரவு வந்தது. மிங் அரசர்கள் காலத்துக் கட்டடம். ஷிகெங் அக்காவின் சொந்த ஊர் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் இயக்குநரின் அறைக்குப் போய் வேறு யாரையாவது அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். உங்களை விட்டால் இந்த மாவட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று இயக்குநர் சிரித்தார். அது உண்மையும்கூட.

மண்டபத்துச் சாவி திங்குவேய் என்பவரிடம் இருந்தது. அறுபத்து மூன்று வயது, தேயிலைத் தோட்டக்காரர், தாடையில் நரைமயிர். வேனிலிருந்து இறங்கிய அக்காவை அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"மாவ்லின் கொத்தனார் பொண்ணுதானே? சுவர்ச்சோறு?"

"ஆமா அண்ணே. சாவியைக் குடுங்க" என்றார் அக்கா.

அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை. சாவியை வாங்கிக்கொண்டு நேராக மண்டபத்துக் கதவுக்கு நடந்தார்.

மண்டபத்தின் பின்சுவரில் ஓர் ஓவியம் இருந்தது. ஆள் உயரத்துக்கு நெற்கதிர்கள், மலைபோல் குவிந்த தானியம், கன்னம் உப்பிய குழந்தைகள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சூரியன். கதிர்கள் பழுப்பேறிச் சேற்று நிறத்தில் இருந்தன. சூரியன் கறுப்பாக இருந்தது. யாரோ வேண்டுமென்றே கரி பூசியதைப்போல் அப்படியொரு கறுப்பு. பழைய கட்டடங்களில் நான் பார்க்காத பாழில்லை. ஆனாலும் அந்தச் சுவருக்கு எதிரே அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பிடிக்கவில்லை. மழைபெய்து ஈரம் ஊறினால் அந்தச் சுவரிலிருந்து சோறு கொதிக்கும் வாடை வருகிறது என்று ஊரில் சொன்னார்கள். கிழவிகள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் நடந்தார்கள். மூன்றாவது நாள் மழை பெய்தது. எனக்கும் வாடை வந்தது. அது எதன் வாடை என்று நான் சொல்லமாட்டேன். எலிப்பொந்தாக இருக்கலாம், பக்கத்து வீட்டு உலையாக இருக்கலாம்.

அன்றைக்கு மழையால் வேலை நின்றது. தங்கியிருந்த வீட்டின் மாடியில் அக்கா தானாகவே எல்லாவற்றையும் சொன்னார்.

1959ஆம் ஆண்டுக் குளிர்காலம், சீனம் முழுக்கப் பஞ்சம். அவருக்கு இரண்டு வயது. வீடுகளில் அடுப்பெரிக்கக் கூடாது என்று உத்தரவு; பொதுச் சமையற்கூடத்தில் ஆளுக்கு ஒரு கரண்டி கஞ்சி. கஞ்சியில் முகம் தெரியும். மரப்பட்டையை உரித்துத் தின்றார்கள். மலையில் ஒரு வெள்ளைக் களிமண் உண்டு, அதையும் தின்றார்கள். தின்றவர்களுக்கு வயிறு கல்லாகிவிடும். அந்தச் சமயத்தில் மேலிடத்திலிருந்து பெரியவர்கள் விளைச்சலைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. மண்டபத்தின் பின்சுவர் அந்தக் கோடைமழையில்தான் விழுந்திருந்தது. அதைக் கட்டிப் பூசி, விளைச்சலைப் படமாக வரைய வேண்டும் என்று கம்யூனில், அதாவது ஊர்க் கூட்டுப்பண்ணை நிர்வாகத்தில், முடிவு செய்தார்கள். மழைக்கு இன்னொரு முறை விழாமலிருக்க, முன்னோர்கள் கட்டியதுபோலவே சுண்ணாம்பில் பசையரிசிக் கஞ்சியைக் கலந்து பூச வேண்டும் என்றும் சொன்னார்கள். அறுபது ஜின் பசையரிசி, அதாவது முப்பது கிலோ, ஒரே மூட்டையாக வந்தது. அது அக்காவின் அப்பா மாவ்லினிடம் ஒப்படைக்கப்பட்டது. ஊரில் அவர் ஒருவர்தான் பூச்சு வேலை தெரிந்த கொத்தனார்.

மூன்று நாள் மண்டபத்துக் கதவைச் சாத்திக்கொண்டு அரிசியைக் காய்ச்சினார்கள். வாசலில் துப்பாக்கிக் காவல். ஊர்ச் சனங்கள் சந்தில் வரிசையாகச் சுவரோரம் உட்கார்ந்து அந்த வாடையை முகர்ந்துகொண்டிருந்தார்களாம். எழுந்திருக்கத் தெம்பில்லாதவர்களையும் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்களாம்.

குளிர்காலம் முடிவதற்குள் ஊரில் மூன்றில் ஒரு பங்கு செத்துப் போயிற்று. சூவெனின் அண்ணனும் செத்தான், ஏழு வயது. சூவென் சாகவில்லை. அவர் வயதுக் குழந்தைகள் பதினொரு பேரில் பிழைத்தது மூன்றுபேர். மற்ற இருவரில் ஒருவன் சமையற்கூடத்துக்காரர் மகன், ஒருத்தி கணக்கெழுதுகிறவர் மகள். அப்படியானால் கொத்தனார் மகள் எப்படிப் பிழைத்தாள்? அரிசி சுவருக்குப் போகவில்லை, கொத்தனார் மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார் என்று ஊர் முடிவு கட்டியது. பள்ளிக்கூடத்தில் அவருக்குப் பெயரே சுவர்ச்சோறு. பள்ளிக்குப் போகும் வழியில் முன்னால் நின்று அப்படிக் கூப்பிட்டவர் திங்குவேய். அந்தக் குளிர்காலத்தில் அவருடைய தம்பியும் இரண்டு தங்கைகளும் போய்விட்டார்கள்.

"உங்கப்பா என்னதான் சொன்னார்?" என்று கேட்டேன்.

"சுவருக்குன்னு குடுத்தாங்க, சுவருக்குப் போச்சுன்னு சொல்வாரு. அவ்வளவுதான். 86ல சாகிறவரைக்கும் அதுக்குமேல ஒரு வார்த்தை கிடையாது."

"நீங்க நம்பினீங்களா?"

"இல்லை. எடுத்துட்டு வந்திருப்பாரு. எனக்குக் குடுத்திருப்பாரு. அண்ணனுக்குப் பத்தாமப் போயிருக்கும். அதனாலதான் அம்மா அவர் மூஞ்சியைப் பார்த்து ஒரு நாளும் பேசலைன்னு நெனச்சுக்குவேன். அவன் பங்கையும் நான் தின்னுட்டேன். இது எனக்கு விவரம் தெரிஞ்ச நாளா இருக்கு, செங்."

ஐம்பது வயதைத் தாண்டியவர். சாயத்தின் வயதை நுண்ணோக்கியில் கண்டுபிடிக்கிறவர். தன் ஊர்ச் சுவரில் ஒரு சிட்டிகை எடுத்துச் சோதித்திருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும். அப்பா செத்தபிறகு இருபது வருடமாக அவர் அந்த ஊருக்கே வரவில்லை.

சோதனை ஒன்றும் பெரிய வித்தையில்லை. காரையைப் பொடித்து, கொஞ்சம் அமிலம் விட்டுச் சுண்ணாம்பின் காரத்தைத் தணித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறியபின் ஒரு சொட்டு அயோடின் விட வேண்டும். காரையில் சாதா அரிசிக் கஞ்சி இருந்தால் நீலம் வரும். பசையரிசி இருந்தால் செம்பழுப்பாகும். ஒன்றுமே இல்லாவிட்டால் அயோடினின் மஞ்சளோடு நின்றுவிடும்.

முதலில் சாயங்களை முடித்தார். சூரியனின் கறுப்பு கரியல்ல, புகையுமல்ல என்று கண்டுபிடித்தார். அது ஈயச் செந்தூரம். வரைந்தபோது நல்ல சிவப்பாக இருந்திருக்கும்; ஈரச் சுண்ணாம்பின்மேல் பூசியதால் கொஞ்சங்கொஞ்சமாகத் தானே கறுத்துவிட்டது. ஓவியத்தை யாரும் கெடுக்கவில்லை. அதைக் கேட்டதும் ஊரில் சிலருக்கு நிம்மதி, சிலருக்கு அதுவே பயம்.

பிறகு காரைக்கு வந்தார். சுவரில் பன்னிரண்டு இடங்களில் துண்டெடுத்தார். நான் அந்த இடங்களைப் படத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். அப்போது சுவரின் அடியில், என் முழங்கால் உயரத்தில், ஒரு சின்னத் திட்டைக் கவனித்தேன். உள்ளங்கை அகலம்தான். மற்ற இடமெல்லாம் கொத்துக்கரணையால் இழைத்த பூச்சு கண்ணாடிபோல் இருக்க, அந்தத் திட்டில் மட்டும் கரணைத் தடம் இல்லை. வெறும் கையால் தடவி மூடியிருந்தார்கள். விரல்ரேகைகூடத் தெரிந்தது. அதிலும் ஒரு துண்டெடுக்கச் சொன்னேன். பதின்மூன்றாவது துண்டு அது.

நகரத்துக்குத் திரும்பிய மறுநாள் சோதனை நடந்தது. காலை பத்துமணி இருக்கும். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டார். கொதிக்கும்போது வரும் வாடை அவருக்கு ஆகாது. பதின்மூன்று கண்ணாடிக் குழாய்கள். நான் என் மேசையில் உட்கார்ந்து வரைவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

முதல் குழாயில் செம்பழுப்பு. இரண்டாவதில் செம்பழுப்பு. பன்னிரண்டு குழாய்களிலும் ஒரே நிறம், காய்ந்த ரத்தத்தின் நிறம். பதின்மூன்றாவதில் மட்டும் மஞ்சள். அந்தத் திட்டு வெறும் சுண்ணாம்பு. அக்கா குழாய்களைக் கழுவி வைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து செய்தார். சாப்பிடாமல் மூன்றாவது முறையும் செய்து, நிறத்தின் அடர்த்தியைப் பழைய முறைக் கலவையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பா எடுக்கலை" என்றார்.

நான் எழுந்துபோய் அவர் தோளைத் தொட்டேன். மகிழ்ச்சிதான் என்று நினைத்தேன்; அவ்வளவு அவசரப்பட்டுவிட்டேன். "நல்லதாப் போச்சு அக்கா" என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அத்தனையும் சுவத்துல இருக்கு, செங். வீட்டுல ரெண்டு புள்ளைங்க. அத்தனையும் சுவத்துல பூசியிருக்காரு."

அடுத்த வாரம் ஷிகெங்குக்குப் போனபோது திங்குவேய் கேட்டார், இயந்திரம் என்ன சொல்லிற்று என்று. மண்டபத்து முற்றத்தில், தூணடியில் வைத்து அக்கா சொன்னார். எதையும் மறைக்கவில்லை, ஜோடிக்கவும் இல்லை. பன்னிரண்டு இடத்திலும் இருக்கிறது. அளவும் பழைய முறைப்படி சரியாக இருக்கிறது. குறைந்ததாகத் தெரியவில்லை.

"அப்போ யாருமே தின்னலையா?"

"யாருமே தின்னலை அண்ணே."

அவர் தூண்பீடத்தில் உட்கார்ந்தார். நான் மன்னிப்பை எதிர்பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஐம்பது வருடம் ஒரு குடும்பத்தைக் கரித்துக்கொட்டிய மனுஷர் ஏதாவது சொல்ல வேண்டுமே. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"உங்கப்பனை நான் திட்டாத நாள் இல்லை. திட்டுறப்போ ஒரு ஆறுதலும் இருந்துச்சு. ஊர்ல யாரோ ஒரு புள்ளைக்காவது வயிறு நெறைஞ்சிருக்குன்னு. இப்ப நீ வந்து அதையும் எடுத்துட்டுப் போற."

வண்டியில் திரும்பும்போது அக்கா வழியெல்லாம் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். நகரத்தின் பாலம் வந்தபோது, "அப்போ என்னை எது காப்பாத்துச்சு?" என்று கேட்டார். என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

அவருடைய அம்மா அப்போது உயிரோடு இருந்தார். எழுபத்தெட்டு வயது, அக்காவின் நான்காவது மாடி வீட்டில் அவரோடுதான் இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் என்னையும் வரச்சொன்னார் அக்கா. துணைக்குத்தான். அம்மா சமையலறை மேசையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அக்கா எதிரில் உட்கார்ந்து, அரிசி முழுக்கச் சுவரில் இருக்கிறது என்றார்.

"இருக்கும்" என்றார் அம்மா. கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?"

அவர் சொன்னதை நான் சுருக்கித்தான் எழுதுகிறேன். முதல்நாள் காவல்காரனே பசி தாங்காமல் பானையில் கைவிட்டு வழித்துத் தின்றுவிட்டானாம். அதனால் இரண்டாம் நாள் ஒரு புது உத்தரவு வந்தது. அரிசி அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்போதே அதில் சுண்ணாம்பைக் கொட்டிவிட வேண்டும், யார் கையும் படக்கூடாது. மாவ்லின் தன் கையால் சுண்ணாம்பை அள்ளிச் சோற்றில் போட்டார். சந்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வாடை மாறியது தெரிந்தது. ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை.

மூன்றாம் நாள் அவருடைய மகன் சாக்கடை வழியாக உள்ளே நுழைந்துவிட்டான். அந்த ஓட்டையில் போகும் அளவுக்கு இளைத்திருந்தான். சுவர் ஈரமாக இருந்தது. சோற்று வாடை அடித்தது. நான்கு விரலால் வழித்துத் தின்றான். மலைக் களிமண்ணைத் தின்று பழகிய பிள்ளைதானே, வெள்ளையாக இருப்பது எதுவும் அவனுக்குத் தின்னக்கூடியதுதான். மாவ்லின் பார்த்தபோது வாயைச் சுற்றி வெள்ளை. நிறையத் தின்றிருந்தான்.

"தூக்கிட்டு வந்தாரு. தண்ணி ஊத்தி வாயைக் கழுவினாரு, கழுவினாரு, கழுவிக்கிட்டே இருந்தாரு. நான் போதும்னு சொன்னேன். கேக்கலை. ரெண்டு நாள் இருந்தான்" என்றார் அம்மா.

பார்வையிட வருகிறவர்கள் மறுநாளே வந்துவிடுவார்கள் என்பதால் மாவ்லினைக் கூட்டிக்கொண்டுபோய் அந்த விரல்தடத்தை மூடச் சொன்னார்கள். அரிசி தீர்ந்துவிட்டிருந்தது. மீதியிருந்த வெறும் சுண்ணாம்பைக் கையால் அப்பித் தடவிவிட்டு வந்தார்.

அக்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். "நான்?" என்று மட்டும் கேட்டார்.

"நீயா? அவன் செத்ததை நாங்க சொல்லலை. சொன்னா அவன் கரண்டிக் கஞ்சியை நிறுத்திடுவாங்க. காய்ச்சல்ல படுத்திருக்கான்னு சொல்லி, நாலு பேர் கஞ்சியை வாங்கிட்டு வந்தேன். நாப்பத்தோரு நாள். நல்ல குளிர் அப்போ. உள்ளறைக் கதவைச் சாத்தி வெச்சிருந்தோம். அவனோட கரண்டியை உனக்கு ஊத்தினேன்."

ஆய்ந்த கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு, "உங்கப்பன் மூஞ்சியை என்னால பார்க்க முடியலை. என் மூஞ்சியை அவரும் பார்க்கலை. நீ எங்க ரெண்டு பேரையும் பார்த்துக்கிட்டே வளர்ந்த" என்றார்.

"ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீ தின்னுவியா?"

அம்மா கீரையைக் கழுவப் போனார். ஆக, அண்ணன் பங்கைத் தின்றுவிட்டோம் என்று அக்கா சிறுவயதிலிருந்து நினைத்தது சரிதான். அது அரிசியில்லை என்பது ஒன்றுதான் மாறியது.

அறிக்கையை அவர்தான் எழுத வேண்டும். எழுதினார். சுவரின் 1959ஆம் ஆண்டுப் பூச்சு பசையரிசியும் சுண்ணாம்பும் கலந்தது, எங்கும் உப்பவில்லை, தட்டினால் வெறும் ஓசை வரவில்லை, கட்டடத்திலேயே உறுதியான பகுதி அதுதான் என்று ஒரு பக்கத்தில் எழுதி முடித்தார். வைத்திருப்பதா எடுப்பதா என்று கருத்துச் சொல்ல வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருந்தார். அவருடைய பணிக்காலத்தில் அப்படி அவர் விட்டது அந்த ஒரு முறைதான். மாகாண நிபுணர்கள் கூடிப் பேசி, பிற்காலத்துப் பூச்சு என்பதால் அகற்றிவிட்டு மிங் காலத்து முறைப்படி புதிதாகப் பூசலாம் என்று முடிவு செய்தார்கள். ஊரும் அதைத்தான் கேட்டது.

எளிதில் வரவில்லை. நான்கு ஆட்கள், ஐந்து நாளில் முடியும் என்று சொன்ன வேலை பதினாறு நாள் இழுத்தது. உளி வைத்து அடித்தால் உளிதான் மழுங்கியது. இவ்வளவு நல்ல வேலையை ஏன் இடிக்கிறீர்கள் என்று ஓர் ஆள் என்னைக் கேட்டான், வெளியூர்க்காரன். அக்கா ஒரு நாளும் தவறாமல் வந்து முற்றத்தில் நின்றார். உள்ளே போகவில்லை.

இடித்த காரையைக் குப்பைமேட்டுக்கு ஏற்றுவதற்கு வண்டி வந்த நாளில் திங்குவேய் வந்தார். அதை ஊருக்குக் கொடுத்துவிடும்படி கேட்டார். அந்தக் குளிர்காலத்தில் செத்த பிள்ளைகளைத் தேயிலைச் சரிவுக்குப் பின்னால் பாயில் சுற்றிப் போட்டிருந்தார்கள். தோண்டத் தெம்பில்லாததால் ஆழமாகக்கூடப் புதைக்கவில்லை. யாருக்கும் கல்லில்லை, பெயரில்லை. இதை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்று ஊரில் பேசிக்கொண்டார்களாம். "அவங்க அரிசிதானே" என்றார்.

விதிப்படி கொடுக்கக் கூடாது. அக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்துக் கைவண்டிகளில் ஏற்றிச் சரிவுக்குக் கொண்டுபோனார்கள். முப்பது நாற்பது பேர் வந்தார்கள், எல்லாரும் வயதானவர்கள். நீளமாக ஒரு பள்ளம் வெட்டியிருந்தார்கள். கட்டி கட்டியாக உள்ளே இறக்கினார்கள். சில கட்டிகளில் பழுப்புக் கதிர் தெரிந்தது, ஒன்றில் ஒரு குழந்தையின் உப்பிய கன்னம். கறுத்த சூரியனின் துண்டுகளைக் கவிழ்த்துப் போட்டார்கள். தாளும் ஊதுவத்தியும் எரித்தார்கள். அழுகைச் சத்தம் எழவில்லை. ஒரு கிழவர் மட்டும் ஒரு கட்டியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். அக்காவின் அம்மாவை அழைத்திருந்தோம். வரமாட்டேன் என்றுவிட்டார்.

மண் தள்ளி முடித்தபின் எல்லாரும் இறங்கிப் போகத் தொடங்கினார்கள். திங்குவேய் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அக்காவிடம் வந்தார்.

"உன் அண்ணன் பேரு ஆசோங்தானே?"

"ஆமா."

"முன்பல்லு ரெண்டும் விழுந்திருந்துச்சு அவனுக்கு. சிரிச்சா கையால வாயைப் பொத்திக்குவான். எங்களைவிட ஏழு வயசு சின்னவன், ஆனா ஓட விட்டா எங்க யாராலயும் பிடிக்க முடியாது. ஒருதரம் எங்க சீமைப்பனிச்சை மரத்துல ஏறி, துவர்ப்புக் காயைத் தின்னுட்டு, நாக்கு ஒட்டிக்கிட்டு இறங்க முடியாம அழுதான். நான்தான் தூக்கி இறக்கினேன்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். திங்குவேய் யோசித்து யோசித்துச் சொன்னார். இடது புருவத்தில் ஒரு தழும்பு. பெரியவர்களின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பான். தங்கச்சியை முதுகில் தூக்கிக்கொண்டு சந்து முழுக்க வாத்துபோல் கத்திக்கொண்டு போவான், அவள் சிரிப்பாள். கீழே வண்டிக்காரர் ஒலியெழுப்பினார். நான் போய் அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் இருவரும் சரிவில் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். மன்னிப்பு என்ற சொல்லை அன்றைக்கும் அவர் சொல்லவில்லை. அக்கா எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை.

திரும்பும் வழியில் அக்கா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். நகத்திடுக்கில் வெள்ளை இருந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்ததும் நன்றாகத் தூங்குங்கள் என்று சொன்னேன்.

"எங்க வீட்டுல அவனோட போட்டோ ஒண்ணுகூட இல்லை, செங். யாரோ ஒரு பையன்னு மட்டும்தான் இத்தனை நாளா எனக்கு. இனிமே மூஞ்சியோட வருவான்."

மறு ஆண்டு அம்மா இறந்தார். 2012இல் அக்கா ஓய்வு பெற்று ஹெஃபெய் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஷிகெங் மண்டபத்தில் இப்போது திருமண விருந்துகள் நடக்கின்றன. புதுச்சுவர் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. திருவிழா நாட்களில் அக்காவுக்குத் தொலைபேசுவேன். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், நீ என்ன சாப்பிட்டாய் என்று திருப்பிக் கேட்பார்.